மராத்தான் மணலில் ஒரு பைன் காடு

கி.மு. 490. ஏதென்ஸின் முன்னாள் சர்வாதிகாரி ஹிப்பியாஸ், பாரசீகப் படைக்கு வழிகாட்டியாக மராத்தான் விரிகுடாவில் வந்து இறங்குகிறார். சொந்த ஊர் அவரை விரட்டியடித்து இருபது வருடங்கள் ஓடிவிட்டன. தலை நரைத்துவிட்டது, பற்கள் ஆடுகின்றன. எந்தக் கப்பலை எங்கே நிறுத்துவது, எந்த அணி எங்கே நிற்பது என்று கரையில் நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும்போது தும்மலும் இருமலும் சேர்ந்து வருகின்றன. ஒரு பல் தெறித்து மணலில் விழுகிறது. தேடு தேடென்று தேடியும் கிடைக்கவில்லை. இந்த மண் நமக்கு வசப்படாது, இதில் எனக்கு இருந்த பங்கு அந்தப் பல்லோடு முடிந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டாராம். எழுதிவைத்தவர் ஹெரடோட்டஸ்.

அந்த மணல் இன்றும் இருக்கிறது. ஸ்கினியாஸ் என்று பெயர். பாரசீகக் கப்பல்கள் இந்தக் கரையோரமாகத்தான் வரிசைகட்டி நின்றன என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஏதென்ஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் போதும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மென்மையான மணல். மணலை ஒட்டியே அடர்ந்த பைன் காடு. காட்டுக்குப் பின்னால் சதுப்பு நிலம். அதற்கும் பின்னால் வறண்ட மலைகள்.

கிரேக்கத்தின் கடற்கரை ஏறத்தாழ 13,700 கிலோமீட்டர். நீலத் தண்ணீருக்கும் வெள்ளைச் சுவர் வீடுகளுக்கும் அங்கே பஞ்சமே இல்லை. சான்டோரினி, மிகோனோஸ் என்று நம் ஊர்ப் பயண நிறுவனங்கள் விற்கும் தீவுகளில் கோடைக்காலத்தில் நடக்கவே இடம் கிடைக்காது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கரையைப் பற்றி இவ்வளவு பக்கங்கள் எழுதக் காரணம் உண்டு. தலைநகரத்துக்கு இத்தனை அருகில் ஒரு காடு கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதே முதல் ஆச்சரியம். அதைத் தீயும் கட்டடமும் கார்களும் இன்னும் விழுங்கிவிடவில்லை என்பது இரண்டாவது. இங்கே கிடைக்கும் அமைதி தானாக அமைந்ததல்ல. பலர் பல முறை எடுத்த முடிவுகளால் மிஞ்சியது. அதை அனுபவிக்கப் போகிறவர்கள் அது எப்படி மிஞ்சியது என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நிழலுக்குள்

வெயிலில் காய்ந்த வயல்களையும் காய்கறிப் பண்ணைகளையும் தாண்டி வரும் சாலை, திடீரென்று நிழலுக்குள் நுழைகிறது. முதலில் தெரிவது வாசனை. பைன் பிசினும் உப்புக்காற்றும் சூடான மணலும் கலந்த வாசனை. டர்பன்டைன் டப்பாவைத் திறந்தால் வருவதன் மூல வாசனை இதுதான். ஆனால் இங்கே அதில் காட்டம் இல்லை, தேன் கலந்ததுபோல ஓர் இனிமை இருக்கிறது. அடுத்து சில்வண்டுகள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை உச்சி வெயிலில் காடு முழுக்க ஒரே குரலில் அவை கத்தும் சத்தம் காதை நிறைக்கும். வெயில் தாழ்ந்ததும் சட்டென்று அடங்கிவிடும்.

காலடியில் மெத்தென்று கிடக்கும் பழுப்பு ஊசியிலைகளைப் பார்த்தால் நம் கடற்கரைச் சவுக்குத் தோப்பு நினைவுக்கு வரும். ஒற்றுமை அந்தச் சருகோடு சரி. சவுக்கு நேராக வானத்தைப் பார்த்து மெலிந்து வளரும். இங்கே இருக்கும் குடைப் பைன் தன் தண்டை வெறுமையாக விட்டுவிட்டு, உச்சியில் மட்டும் பச்சையை அகல விரிக்கிறது. நூறு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மேலே ஒரே கூரை, கீழே திறந்த மண்டபம். காற்று தடையில்லாமல் உள்ளே வரும். கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் பத்தடி நடந்தால் நிழல். கூலிக்குக் குடை எடுக்கத் தேவையில்லாத கடற்கரை என்பது இன்றைய கிரேக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டிக்கா மாநிலத்தின் மலைகளில் எங்கும் காண்பது அலெப்போ பைன். வளைந்த தண்டும் வெளிர்பச்சைத் தலையுமாகப் பாறையிலும் முளைக்கும் மரம். ஸ்கினியாஸிலும் அது நிறையவே உண்டு. ஆனால் இந்தக் காட்டின் பெருமை குடைப் பைன்தான். கிரேக்கத்தில் இயற்கையாக எஞ்சியிருக்கும் குடைப் பைன் காடுகள் மிகக் குறைவு. பெலோபொனேசின் மேற்குக் கரையில் ஸ்ட்ரோஃபிலியா, ஸ்கியாதோஸ் தீவின் கூகுனாரியெஸ், பிறகு இது. நம் பாயசத்திலும் புலாவிலும் முந்திரி சேர்ப்பதுபோல அங்கே அரிசிச் சோற்றிலும் தக்காளிக்குள் அடைக்கும் பூரணத்திலும் சேர்ப்பது இந்த மரத்தின் விதையைத்தான். பைன் காய் முற்ற மூன்று வருடங்கள் ஆகும். மற்றப் பல பைன்களின் விதைக்கு இருப்பதுபோல் பறந்து போக உதவும் சிறகு இதற்குக் கிடையாது. கனமான விதை. பறவையோ அணிலோ மனிதனோ தூக்கிப் போனால்தான் அடுத்த இடத்தில் முளைக்கும்.

மரங்களுக்கு அடியில் ஃபீனிசிய ஜூனிபர் புதர்களும் மஸ்டிக் செடிகளும் அடர்ந்திருக்கின்றன. காடு முடிந்து மணல் தொடங்கும் மேட்டில், வேறு எதுவும் வளராத உப்பு மணலில், கோடையின் கடைசியில் கடல் லில்லி பூக்கிறது. வெள்ளை வெளேரென்று இருக்கும், சாயங்காலத்தில் மணக்கும். யாரும் பறிக்கக் கூடாத பூ அது. பறிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்ட கரைகளில் மட்டும்தான் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

கடல் இங்கே ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. விரிகுடாவின் கிழக்கு முனையில் கினோசூரா என்ற ஒல்லியான பாறை முனை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. கோடையில் ஏஜியன் கடல் முழுவதையும் கலக்கும் வடகாற்றான மெல்தெமியை அது ஓரளவு தடுக்கிறது. பாரசீகத் தளபதிகள் இந்த விரிகுடாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மறைப்பும் ஒரு காரணம். தண்ணீர் வெகுதூரம்வரை இடுப்பளவுதான். அடியில் மணல், பாறை கிடையாது. வங்கக்கடலின் இழுப்பைப் பார்த்துப் பயந்த குழந்தைகளைக்கூட இங்கே தைரியமாகத் தண்ணீரில் இறக்கலாம். கிழக்கே தொலைவில் எவியாத் தீவின் மலைகள் மங்கலாகத் தெரியும்.

சதுப்பு இல்லாமல் காடு இல்லை

கடலுக்கு முதுகைக் காட்டிக் காட்டைக் குறுக்கே கடந்து நடப்பவர்கள் குறைவு. நடந்தால் ஸ்கினியாஸ் எப்படி உயிர் வாழ்கிறது என்பது புரியும். காடு நிற்பது ஒரு மணல் திட்டின் மேல். ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கடல் கொண்டுவந்து குவித்த திட்டு அது. அதன் ஒரு பக்கம் உப்புக்கடல். மறு பக்கம் பெரிய சதுப்பு. மலையடியில் மகாரியா என்ற ஊற்று பொங்கி அந்தச் சதுப்பை நிறைக்கிறது. மணலுக்கு அடியில் தேங்கும் இந்த நல்ல தண்ணீர்தான் பைன் வேர்களுக்கு உயிர். ஊற்று வற்றினாலோ, பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் அளவுக்கு மீறி இறைத்தாலோ, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். வெளியே பார்க்கப் பச்சையாக நிற்கும் காடு வேரிலிருந்து சாகத் தொடங்கும்.

கிரேக்கப் புராணத்தில் மகாரியா ஹெராக்ளிசின் மகள். ஏதென்ஸ் வெல்ல வேண்டுமென்றால் ஹெராக்ளிசின் பிள்ளைகளில் ஒருவர் மனமுவந்து உயிர் கொடுக்க வேண்டும் என்று குறி சொன்னபோது, நான் இருக்கிறேன் என்று முன்வந்தவள். அவள் பெயரைத்தான் ஊற்றுக்கு வைத்திருக்கிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணி பவுசானியாஸ் இதைச் சொல்லிவிட்டு, சதுப்பைப் பற்றியும் கவனமாக ஒன்றைக் குறித்திருக்கிறார். சதுப்பிலிருந்து ஓடும் நீர் ஏரிக்குப் பக்கத்தில் ஆடுமாடு குடிக்கும்படி நன்றாக இருக்கிறது, கடலுக்குப் போகும் வாயில் உப்பாகிக் கடல் மீன்கள் நிறைந்திருக்கின்றன என்கிறார். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தின் இயல்பை ஒரு சூழலியல் மாணவர் இன்று எழுதினாலும் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

அந்த நீரில் இன்றும் மராத்தான் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு மீன் வாழ்கிறது. விரல் நீளம்கூட இருக்காது. கிரேக்கத்தின் ஒரு சில ஆறுகளையும் ஊற்றுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே பறக்கும் பறவைகள் மத்தியதரைக் கடலைத் தாண்டிக் களைத்து இங்கே இறங்குகின்றன. நாரைகள், அரிவாள்மூக்கன்கள், சேற்றுப் பூனைப்பருந்துகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள். ஏப்ரலில் கையில் ஒரு தொலைநோக்கியோடு போகிறவருக்குக் கடற்கரை நினைவே வராது.

தோப்பு என்ற சாட்சி

போர் எப்படி முடிந்தது என்பது உலகம் அறிந்தது. ஏதென்ஸ் வீரர்களும் அவர்களுக்குத் துணை வந்த பிளட்டேயா ஊர்க்காரர்களும் ஓடிவந்து மோதினார்கள். பாரசீக அணி உடைந்தது. ஹெரடோட்டஸ் தரும் கணக்கில் இறந்த பாரசீகர்கள் 6,400, ஏதென்ஸ்காரர்கள் 192. அந்த 192 பேரைப் புதைத்த மண்மேடு கரைக்குத் தென்மேற்கே சமவெளியில் இன்றும் சுமார் 9 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மராத்தானுக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

ஆனால் போரின் கடைசி, மிகக் கொடூரமான பகுதி நடந்தது இந்தப் பக்கத்தில். தோற்று ஓடிய பாரசீகர்களுக்கு வழி தெரியவில்லை. சதுப்பில் இறங்கிச் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலான சாவுகள் அங்கேதான் நேர்ந்தன என்கிறார் பவுசானியாஸ். ஏதென்ஸ் நகரத்தின் ஓவிய மண்டபத்தில் தீட்டியிருந்த மராத்தான் போர்ப் படத்திலும் அந்நியர்கள் ஒருவரை ஒருவர் சதுப்புக்குள் தள்ளிக்கொண்டு ஓடும் காட்சியும், கரையில் ஃபீனிசியக் கப்பல்களும் இருந்ததாக அவரே சொல்கிறார். மிஞ்சியவர்கள் கப்பலை நோக்கி இந்த மணலில் ஓடினார்கள். துரத்திவந்தவர்கள் கப்பல்களைக் கையால் பிடித்து இழுத்தார்கள். அப்படி ஒரு கப்பலின் பின்முனையைப் பற்றிய கினகைரஸ் என்பவரின் கை கோடரியால் வெட்டுண்டது, அவர் இறந்தார். ஏதென்ஸ்காரர்கள் கைப்பற்றியது ஏழு கப்பல்கள்.

கினகைரஸ் நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் சகோதரர். ஈஸ்கிலசும் அந்தப் போரில் நின்றவர். பிற்காலத்தில் கிரேக்க உலகமே கொண்டாடிய துன்பியல் நாடகங்களை எழுதினார். ஆனால் சிசிலித் தீவில் இறந்தபோது அவர் கல்லறைக்கென்று எழுதப்பட்ட வரிகளில் நாடகங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் வீரத்துக்குச் சாட்சியாக அதில் அவர் அழைத்திருப்பது இரண்டே பேரை. ஒன்று, தோற்றுப்போன பாரசீகர்கள். மற்றொன்று, மராத்தானின் தோப்பு. அந்தக் காலத்திலேயே ஒரு கலைஞன் தன் வாழ்க்கைக்குச் சாட்சி சொல்லும்படி ஒரு தோப்பைக் கேட்டிருக்கிறான். எனக்கு மராத்தான் என்றதும் ஓட்டப்பந்தயத்தைவிட அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

தப்பிப் பிழைத்த கதை

சதுப்பு நிலத்தை யாரும் சும்மா விடுவதில்லை. கொசு, மலேரியா, விவசாய நிலத்துக்கான பசி என்று காரணங்கள் எப்போதும் கையில் இருக்கும். 1922ல் ஆசியா மைனரிலிருந்து விரட்டப்பட்ட கிரேக்கர்கள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்த பிறகு நாடெங்கும் நிலத் தேவை ஏறியது. பக்கத்து ஊரான நேயா மாக்ரி, துருக்கிக் கரையிலிருந்த மாக்ரியைவிட்டு வந்தவர்கள் அமைத்த ஊர். அந்தக் காலகட்டத்தில்தான் மராத்தான் சதுப்பிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டார்கள். சதுப்பு சுருங்கியது. பிறகு அதன் நடுவே ஒரு சிறு விமான ஓடுதளம் வந்தது. கரையோரம் விடுமுறை வீடுகள் முளைத்தன.

அடுத்து வந்தது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். துடுப்புப் படகுப் போட்டிக்கு நீண்ட, நேரான, அசைவற்ற தண்ணீர் வேண்டும். அரசு கைகாட்டியது ஸ்கினியாஸை. சுற்றுச்சூழல் அமைப்புகள் சதுப்பு அழியும் என்றன. தொல்லியலாளர்கள் பலர் போர்க்களத்தில் மண்வெட்டி வைக்காதீர்கள் என்றார்கள். அரசு, அந்த இடம் கி.மு. 490ல் தண்ணீருக்கு அடியில் இருந்தது என்று வாதாடியது. கடைசியில் 2,250 மீட்டர் நீளத்துக்குச் செயற்கை ஏரியை வெட்டினார்கள். 2003ல் அங்கே நடந்த உலக இளையோர் போட்டியில் காற்று சுழன்றடித்துப் படகுகளில் தண்ணீர் ஏறியது. அடுத்த ஆண்டு ஒலிம்பிக் நல்லபடியாகவே நடந்தது. நான்கு பேர் துடுப்புப் போட்டியில் பிரிட்டன் கனடாவை வெறும் 0.08 நொடியில் வென்றது இந்த ஏரியில்தான்.

அந்த மைதானத்தை இங்கே கட்டியிருக்கக் கூடாது. இரண்டு வாரப் போட்டிக்காக இரண்டாயிரத்து ஐந்நூறு வருட நிலத்தைத் தோண்டியதை எந்தப் பதக்கமும் நியாயப்படுத்தாது. ஆனால் அந்தச் சண்டையில் மக்கள் முழுதாகத் தோற்றுவிடவில்லை. எதிர்ப்பு கிளம்பிய அதே காலத்தில், 2000ம் ஆண்டில், ஸ்கினியாஸ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காடு, மணல், சதுப்பு, ஊற்று, கினோசூரா முனை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,400 ஹெக்டேர். பழைய ஓடுதளம் எடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாச்சுரா 2000 பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த இடம் இருக்கிறது. குரல் எழுப்பியவர்கள் இல்லையென்றால் இன்று நாம் பேசுவது ஏதோ ஒரு உல்லாச விடுதி வரிசையைப் பற்றியாக இருந்திருக்கும்.

தீ

பைன் காட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் தீயைப் பற்றிப் பேசாமல் போனால் அது பொய். பிசினும் காய்ந்த ஊசியிலையும் கோடைக்காற்றும் சேர்ந்தால் ஒரு சிகரெட் துண்டு போதும். 2021 ஆகஸ்டில் எவியாத் தீவின் வடக்குப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 50,000 ஹெக்டேர் எரிந்தது. கிரேக்கத்தின் பைன் பிசினில் பெரும்பகுதியை அந்த ஊர்களில்தான் மரத்தைக் கீறி எடுத்தார்கள். தேனீ வளர்ப்பவர்களும் அங்கேதான் கூடு வைத்தார்கள். கிரேக்கத் தேனில் பாதிக்கும் மேல் பைன் தேன். மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீரைத் தேனீக்கள் எடுத்துத் தேனாக்குகின்றன. காடு எரிந்தபோது பிசின் எடுத்தவர்களும் தேன் எடுத்தவர்களும் ஒரே வாரத்தில் பிழைப்பை இழந்தார்கள்.

ஸ்கினியாஸுக்குத் தெற்கே, பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் மாத்தி என்ற கடலோர ஊர். பைன் மரங்களுக்கு நடுவே விடுமுறை வீடுகள், குறுகலான தெருக்கள், எங்கும் மதில்கள். 2018 ஜூலை 23 அன்று பென்டெலி மலையில் பிடித்த தீயைப் பலத்த மேற்குக் காற்று கடலை நோக்கித் துரத்தியது. ஊர்க்காரர்களுக்கு ஓட அவகாசம் கிடைக்கவில்லை. இறந்தவர்கள் 104 பேர். அவர்களில் 26 பேர் கடலுக்குச் சில மீட்டர் தூரத்தில், ஒரு காலி மனையில் ஒன்றாகக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார்கள். கடல் கண்ணுக்கு முன்னால் இருந்தது. போக வழி இல்லை. கரையோரச் சொத்துக்காரர்கள் எழுப்பிய வேலிகளும் செங்குத்துப் பாறைகளும் வழியை அடைத்திருந்தன.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. கடற்கரைக்குப் பொதுவழி என்பது வசதியோ அழகோ மட்டும் அல்ல என்பதை அந்த 26 பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்கினியாஸில் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மதில் இல்லை என்பதன் மதிப்பு அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. 2024 ஆகஸ்டில் வர்னாவாஸ் பகுதியில் பிடித்த தீ மராத்தான் ஊரைவிட்டே மக்களை வெளியேற வைத்தது. பிறகு அது பென்டெலி பக்கம் திரும்பி ஏதென்ஸின் புறநகர்வரை போனது.

அலெப்போ பைன் தீயோடு வாழப் பழகிய மரம். அதன் காய்களில் ஒரு பகுதி வெப்பம் பட்டால்தான் திறந்து விதையைக் கொட்டும். எரிந்த மலையில் இரண்டாவது மழைக்குள் கன்றுகள் தலைகாட்டும். அந்தக் கன்றுகள் வளர்ந்து விதை விடுவதற்குள் மறுபடி எரிந்தால் அத்தோடு அந்த மலை மொட்டை. குடைப் பைனின் கதை வேறு. தடித்த பட்டையும் உயர்ந்த கூரையும் தரையில் ஊரும் சிறு தீயிலிருந்து அதைக் காப்பாற்றும். தீ கூரைக்கு ஏறிவிட்டால் அலெப்போ பைனைப்போலச் சாம்பலிலிருந்து மீண்டு வர அதனால் முடியாது. கனமான விதையைக் கொண்டுவந்து போட யாராவது வேண்டும். ஸ்கினியாஸ் ஒருமுறை முழுதாக எரிந்தால் நம் பேரப்பிள்ளைகளும் அதைத் திரும்பப் பார்க்க மாட்டார்கள்.

கரை யாருடையது?

நிழலுக்குக் கூலி என்று முன்னால் சொன்னேன். கிரேக்கச் சட்டப்படி கரை பொதுச்சொத்து. குளிர்காலப் பேரலை எட்டும் எல்லைவரை யாருக்கும் பட்டா கிடையாது. ஆனால் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடலாம். அதைப் பிடித்துக்கொண்டு மதுக்கூடங்களும் உணவகங்களும் தங்கள் எல்லையை மீறிச் சாய்வு நாற்காலிகளைத் தண்ணீர்வரை நிரப்பின. துண்டை விரிக்க இடம் இல்லாமல்போன உள்ளூர்க்காரர்கள் 2023 கோடையில் பாரோஸ் தீவில் துண்டோடு ஊர்வலம் போனார்கள். போராட்டம் தீவு தீவாகப் பரவியது. துண்டு இயக்கம் என்றே அதற்குப் பெயர் வந்தது.

அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. எந்தக் கரையிலும் குறைந்தது பாதி இடம் நாற்காலி இல்லாமல் திறந்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் இன்னும் கூடுதல். தண்ணீரிலிருந்து 4 மீட்டருக்குள் எதையும் போடக் கூடாது. மீறல்களைப் பொதுமக்களே புகார் செய்ய மைகோஸ்ட் என்ற செயலியை அரசு வெளியிட்டது. ஏறத்தாழ 200 கரைகளில் ஒரு நாற்காலிகூடப் போடக் கூடாது என்று தடையும் வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த சாதாரண மக்களின் வெற்றி இது. நம் கரைகளில் மீனவர்கள் வலை காய வைக்கும் இடத்துக்காகப் போராடுவதை அறிந்த எவருக்கும் இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

போகிறவர்களுக்கு

ஸ்கினியாஸ் எப்போதும் அமைதியாக இருக்கும் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் ஏதென்ஸே இங்கே இறங்கிவிடும். மேற்குப் பக்கத்து உணவகங்களில் பாட்டு அலறும். மே கடைசி, ஜூன், செப்டம்பர் மாதங்களின் வார நாட்கள்தான் இந்த இடத்துக்கு உரியவை. செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய கடல் வெதுவெதுப்பாக இருக்கும், சூரியன் சுடாது. உணவகங்களைத் தாண்டிக் கினோசூரா முனையை நோக்கிக் கிழக்கே நடந்துகொண்டே இருங்கள். ஆள் குறையும். காற்று ஊசியிலைகளுக்குள் புகுந்து வரும் சத்தமும் சிற்றலையும் மட்டும் மிஞ்சும்.

ஏதென்ஸில் பெடியோன் டு ஆரெயோஸ் பூங்காவை ஒட்டிய நிறுத்தத்திலிருந்து மராத்தான் பக்கம் போகும் ஆரஞ்சு நிறப் பேருந்துகள் கிளம்புகின்றன. கடற்கரைவரை எந்த வண்டி போகும் என்பதை நிறுத்தத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் மாறும். காரில் வந்தால் தயவுசெய்து மரத்தடியில் நிறுத்தாதீர்கள். நிழல் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் வண்டிகளின் எடையில் மணல் இறுகி, மேலோட்டமாகப் பரவும் வேர்களுக்கு மூச்சு முட்டுகிறது. புதிதாக முளைக்கும் கன்று சக்கரத்தில் சிக்கிச் சாகிறது. பல வருடங்களாக இந்தக் காடு வயதாகிக்கொண்டே போவதற்கும் இளமரங்கள் குறைவதற்கும் இது முக்கியக் காரணம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வறுத்த நெத்திலி ஒரு தட்டு, தக்காளியும் வெள்ளரியும் ஃபெட்டா சீஸும் போட்ட கிராமத்து சாலட், ரொட்டி. இவை எந்த உணவகத்திலும் கிடைக்கும். சைவர்களும் பட்டினி கிடக்க மாட்டார்கள். வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய் ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயில் வேகவைக்கும் லாதெரா வகை உணவுகள் மரபுவழிச் சபையின் விரத நாட்களுக்கென்று உருவானவை. அவற்றில் இறைச்சி இருக்காது. மதுப் பழக்கம் உள்ளவர்கள் ரெட்சினாவை ஒரு வாய் சுவைக்கலாம். அலெப்போ பைன் பிசின் கலந்த வெள்ளை ஒயின் அது. பழங்காலத்தில் மண்ஜாடிகளைப் பிசினால் பூசி மூடிய பழக்கத்திலிருந்து வந்த சுவை. முதல் வாய் பலருக்குப் பிடிக்காது. பைன் நிழலில் உட்கார்ந்து குடித்தால் ஏன் அந்த ஊர்க்காரர்கள் அதை விடவில்லை என்பது விளங்கும்.

வெயில் ஏறுவதற்குள் மண்மேட்டையும் மராத்தான் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுக் கடலுக்கு வருவது நல்லது. போருக்குப் பின் நாட்டிய வெற்றித்தூணின் அசல் துண்டுகள் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் மாதிரியில் புதிதாக எழுப்பிய தூண் சதுப்பின் ஓரத்தில் நிற்கிறது.

சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் அனுமதிக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியே கூடாரம் போடுவது சட்டப்படி குற்றம். காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள், சிகரெட் பற்றவைக்காதீர்கள், கண்ணாடிப் பாட்டிலை விட்டுவிட்டு வராதீர்கள். மணல் மேட்டுச் செடிகளை மிதிக்காமல், போட்டிருக்கும் பாதையிலேயே நடங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். மே மாதம் முதல் அக்டோபர் முடியத் தீக்காலம். மறுநாளைய தீ அபாய வரைபடத்தை அரசு முந்தைய நாளே வெளியிடும். அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் காடுகளுக்குள் நுழையத் தடை போடுவார்கள். அந்த நாளில் திட்டத்தை மாற்றிக்கொண்டு ஏதென்ஸிலேயே இருங்கள், காடு இன்னொரு நாளும் இருக்கட்டும். எங்கே புகையைக் கண்டாலும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்காமல் நீங்களே கூப்பிடுங்கள். கிரேக்கத் தீயணைப்புத் துறையின் எண் 199. பொது அவசர எண் 112.